யார் வீட்டில் எத்தனை பிள்ளை? மலேசிய, சிங்கப்பூர் இனவாரிக் கருவள வீதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியப் புள்ளிவிவரத் துறை பிறப்பு, இறப்புக் கணக்கை வெளியிட்ட மறுநாளே அதிலிருந்து ஒரே ஓர் அட்டவணை கத்தரிக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். மலாய்க்காரர் இவ்வளவு, சீனர் இவ்வளவு, இந்தியர் இவ்வளவு. பிறகு கோயில் கூட்டம், கல்யாணப் பந்தி, காப்பிக்கடை என்று எங்கே போனாலும் அதே பேச்சுதான். இடைநிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் சந்தேகமெல்லாம் என்னிடம் வந்து சேர்கிறது. திரும்பத் திரும்பச் சொன்னதைக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

சார், கருவள வீதம் 1.1ன்னா என்ன? 1.1 பிள்ளையை எப்படிப் பெக்கிறது?

பத்துப் பெண்களுக்குப் பதினொரு பிள்ளை என்று படித்துக்கொள்ளுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். ஓர் ஆண்டில் 15 முதல் 49 வயது வரை ஒவ்வொரு வயதுப் பெண்களுக்கும் எந்த வேகத்தில் குழந்தை பிறந்தது என்று பார்த்து, அதையெல்லாம் கூட்டுவார்கள். ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் அந்த ஓர் ஆண்டின் வேகத்திலேயே பிள்ளை பெற்றால் கடைசியில் எத்தனை இருக்கும் என்பதுதான் மொத்தக் கருவள வீதம். அப்படி ஒரு பெண் எங்கும் இல்லை. அவள் கணக்குப் போடுவதற்காகப் படைக்கப்பட்டவள். இந்த விஷயம் கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

அடிக்கடி காதில் விழும் இன்னொரு எண் 2.1. வெளியூர்க்காரர் யாரும் வந்து சேராமலேயே ஒரு மக்கள்தொகை தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்ள வேண்டிய வீதம் அது. தாய்க்கொன்று, தகப்பனுக்கொன்று என்று இரண்டு போதாதா என்பார்கள். நூறு பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கிறது. பிள்ளை பெறும் வயதை எட்டுமுன் இறப்பவர்களும் உண்டு. அந்தப் பற்றாக்குறைக்குத்தான் அந்த 0.1.

பிறப்பு வீதம்னு இன்னொண்ணு போடுறாங்களே, ரெண்டும் ஒண்ணா?

இல்லை. பிறப்பு வீதம் என்பது ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்பது மட்டும். அந்த ஆயிரத்தில் கிழவர், குழந்தை எல்லாரும் அடக்கம். இளம்பெண்கள் அதிகம் உள்ள சமூகத்தில், ஒவ்வொருத்தியும் இரண்டே பிள்ளை பெற்றாலும் பிறப்பு வீதம் உயர்ந்து தெரியும். மலாய்ச் சமூகத்தின் சராசரி வயது குறைவு, சீனச் சமூகத்தினுடையது அதிகம். ஆகவே பிறப்பு வீதத்தை வைத்து இனங்களை ஒப்பிட்டால் இடைவெளி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். உங்கள் கைக்கு வந்த படத்தில் எந்த வீதம் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சரி, இப்போ எந்த இனத்துக்கு எவ்வளவு?

மலேசியாவில் 2022ஐ ஒட்டிய கணக்கில் நாட்டின் மொத்த வீதம் சுமார் 1.6. மலாய்க்காரர் ஏறக்குறைய 2.1, இந்தியர் 1.1, சீனர் 0.8. சிங்கப்பூரில் 2020இல் மலாய்க்காரர் சுமார் 1.8, சீனர், இந்தியர் இருவருமே ஒன்றுக்குச் சற்றுக் கீழ். 2023இல் சிங்கப்பூரின் மொத்த வீதமே 0.97க்கு இறங்கிவிட்டது.

மேலே இருப்பவர்கூட ஈடுகட்டும் கோட்டில்தான் நிற்கிறார் என்பதைப் பார்த்தீர்களா? பந்தியில் பேசப்படுகிற “பத்துப் பிள்ளைக் குடும்பம்” இந்த அட்டவணையில் எந்த இனத்திலும் இல்லை.

நம்ம ஆளுங்க எப்பவுமே கம்மியாத்தானே பெத்துக்கிட்டாங்க?

தலைகீழ். மெர்டேக்கா (சுதந்திர) காலத்தில், அதாவது 1957ஐ ஒட்டி, மலாயாவில் (இன்றைய மேற்கு மலேசியாவில்) மிக அதிகம் பிள்ளை பெற்றவர்கள் இந்தியர்களே. சீனர் வீதம் ஏழுக்கு மேல், இந்தியருடையது அதையும் தாண்டி எட்டை நெருங்கி இருந்தது. மூன்று இனங்களில் மிகக் குறைவு மலாய்க்காரருக்குத்தான், சுமார் ஆறு.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். “உங்க பாட்டி கூடப் பொறந்தவங்க எத்தனை பேருன்னு வீட்ல கேட்டுட்டு வா” என்று அனுப்புவேன். மறுநாள் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று வந்து சொல்வார்கள். அதே பிள்ளைகள் பாதிப் பேர் ஒரே தம்பியோடு வளர்ந்தவர்கள். பெயர், சாதி, சாமி எதுவும் மாறாத அதே குடும்பங்களில் இரண்டரைத் தலைமுறைக்குள் எட்டு ஒன்றாகிவிட்டது. இனத்துக்கென்று ஒரு பிறவிக் கருவளம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வரும்.

தோட்டத்துல மட்டும் ஏன் அவ்வளவு பிள்ளைங்க?

முதலில் ஒன்று. ரப்பர்த் தோட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே அப்படி இல்லை. கங்காணி (தோட்ட மேஸ்திரி) இந்தியாவிலிருந்து ஆள்கட்டிக் கொண்டுவந்த காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களே குறைவாக இருந்த இடத்தில் பிள்ளை எங்கே பெருகும்? ஆண், பெண் எண்ணிக்கை ஓரளவு சமமாகி, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்கள் மணவயதுக்கு வந்தது இரண்டாம் உலகப் போரையொட்டித்தான். போருக்குப் பிறகு மலேரியாவும் குறைந்தது, பிறந்த குழந்தைகள் பிழைக்கத் தொடங்கின.

அடுத்தது தோட்ட வாழ்க்கையின் கணக்கு. வயதுக்கு வந்த சில ஆண்டுகளில் கல்யாணம். லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. அம்மா விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய்விட்டுப் பால்மரம் வெட்டப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதானதும் பிள்ளை மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைக்க, பால் எடுக்கக் கூடவே போகும், அம்மா நிறுத்துக் கொடுக்கும் ரப்பர்ப் பாலின் எடை கூடும். தோட்டப் பள்ளியோ ஆறாம் வகுப்போடு முடிந்தது. அதற்குமேல் படிக்கவைக்கும் செலவு என்ற பேச்சே பெரும்பாலான வீடுகளில் எழவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆறாவது பிள்ளை குடும்பத்தைச் சாய்த்துவிடாது. குடிசைக்குள் நெருக்கடி, தாயின் உடம்பு உருக்குலைவது எல்லாம் உண்மை. ஆனால் அதை யாரும் ஏட்டில் எழுதவில்லை.

அப்புறம் எப்படி இவ்வளவு வேகமா விழுந்துச்சு?

மேலே சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. 1966இல் குடும்பத் திட்டச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே மாநிலக் குடும்பத் திட்டச் சங்கங்கள் வேலையைத் தொடங்கியிருந்தன. தோட்டம் என்பது ஒரே இடத்தில் குடியிருக்கும், ஒரே மருந்தகத்துக்கு வரும் மக்கள். மாத்திரை கொடுப்பவருக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. 1970க்குள் இந்தியர் வீதம் ஐந்துக்குக் கீழே வந்துவிட்டது.

அதன்பின் தோட்டமே போனது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல், ரப்பர் போய் எண்ணெய்ப்பனை, பிறகு வீடமைப்புத் திட்டம். பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். 1970களில் பினாங்கு பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. கல்யாண வயது தள்ளிப்போயிற்று. பட்டணத்தில் வாடகை உண்டு, பள்ளி பஸ் உண்டு, டியூஷன் உண்டு, ஆயாக்கொட்டகை மட்டும் கிடையாது. 2010வாக்கில் இந்தியர் வீதம் இரண்டுக்குக் கீழே போய்விட்டது. அது பிறகு மேலே வரவேயில்லை.

1957ல மலாய்க்காரங்களுக்கு ஏன் குறைவு? அவங்களும் சின்ன வயசுலதானே கட்டிக்கிட்டாங்க?

கட்டிக்கொண்டார்கள், பிரிந்தும் போனார்கள். 1950களில் கிளந்தான், திரெங்கானு பக்கத்து மணமுறிவு வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. பெற்றோர் பார்த்துவைத்த இளவயதுத் திருமணம் பிடிக்கவில்லை என்றால் விலகுவது எளிதாக இருந்தது, அதில் பெரிய அவமானமும் இல்லை. மறுமணமும் சீக்கிரம் நடக்கும். ஆனால் இரண்டு திருமணங்களுக்கு நடுவே கழியும் மாதங்களும் ஆண்டுகளும் பிள்ளைப்பேறு இல்லாத காலம். அதுவே வீதத்தைக் கீழே இழுத்தது.

பிறகு பெண்கள் படித்துத் தாமதமாகத் தாங்களே பார்த்து மணந்தபோது மணமுறிவு சரசரவென்று குறைந்தது. கல்யாணம் தள்ளிப்போனதால் விழவேண்டிய வீதத்தை நிலையான மணவாழ்க்கை ஓரளவு தாங்கிப்பிடித்தது. மலாய்க்காரர் வீதம் மற்ற இருவரைவிட மெதுவாக இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்குத் தெரிந்து இந்தப் பாதியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பியதில்லை.

மதம்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்களே?

மதம் மாறாமலே வீதம் எப்படி ஆடியிருக்கிறது என்று பாருங்கள். ஈரானில் 1980களின் தொடக்கத்தில் ஆறுக்கு மேல் இருந்தது, இருபது ஆண்டுகளில் இரண்டை ஒட்டி வந்துவிட்டது. இஸ்லாமிய அரசாங்கமே கருத்தடைப் பொருள் வழங்கிய நாடு அது. சிங்கப்பூர் மலாய்க்காரர் 1980இல் 2.2க்கு இறங்கி, 1990இல் 2.7ஐ நெருங்கி, 2010இல் 1.65க்கு வந்து, பிறகு மறுபடி கொஞ்சம் ஏறினார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் வேதம் ஒன்றேதான்.

இந்தியாவிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பீகார் இந்துப் பெண்களின் வீதம் தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்களின் வீதத்தைவிடக் கணிசமாக அதிகம். எந்த மாநிலம், என்ன படிப்பு, என்ன மருத்துவ வசதி என்பவை மதத்தைவிடப் பலமாக இழுக்கின்றன. மதத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணம் கட்டாயம் ஆகவேண்டும், சீக்கிரம் ஆகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது, மதம் அதில் கலந்திருக்கிறது.

அப்போ வசதி இல்லாதவங்க நிறைய பெத்துக்கிறாங்க, அவ்வளவுதானே? இனமெல்லாம் சும்மா?

அதுவும் முழுசாகச் சரியில்லை. படிப்பு, வருமானம், ஊர் மூன்றையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் இன இடைவெளி நன்றாகச் சுருங்கும், ஆனால் மறைந்துபோகாது. புத்ராஜெயாவைப் பாருங்கள். படித்த, மாதச் சம்பளம் வாங்கும் மலாய் அரசு ஊழியர்கள் வாழும் நகரம். கருவள வீதத்தில் கிளந்தான், திரெங்கானுவோடு சேர்ந்து நாட்டின் மேல்வரிசையில் நிற்கிறது. பினாங்கும் நகரம்தான், அது பட்டியலின் அடியில்.

நிரந்தர வேலை, விடுப்பு, குறைந்த வட்டியில் வீட்டுக்கடன், ஊரில் இருந்து வந்து பிள்ளை பார்க்கும் அம்மா எல்லாம் இருந்தால் பட்டணத்திலும் மூன்று பிள்ளை பெறலாம் என்பதற்குப் புத்ராஜெயா சாட்சி. எந்த இனத்தவருக்கு இவை எவ்வளவு எட்டுகின்றன என்பது வேறு கேள்வி. அதை அரசியல்வாதிகளிடம் கேளுங்கள்.

அரசாங்கம் சொன்னா ஜனங்க கேப்பாங்களா?

நிறுத்து என்றால் கேட்பார்கள், பெறு என்றால் கேட்கமாட்டார்கள். சிங்கப்பூர் 1972இலிருந்து “இரண்டோடு நிறுத்து” என்றது. அடுத்தடுத்த பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் கூடியது, பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைந்தது. 1970களின் நடுவிலேயே வீதம் 2.1க்குக் கீழ் போய்விட்டது. 1984இல் பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை என்றும், படிப்புக் குறைந்த இளம் தாய்மார் கருத்தடை அறுவைசிகிச்சை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்றும் அறிவித்தார்கள். படித்தவன் பிள்ளைதான் உருப்படும் என்ற நினைப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. பட்டதாரித் தாய்மார்களே எதிர்த்தார்கள், பள்ளி முன்னுரிமை 1985இல் கைவிடப்பட்டது. 1987இல் “வசதி இருந்தால் மூன்றோ மேலோ” என்று திருப்பினார்கள், 2001இல் குழந்தை போனஸ் வந்தது. வீதம் எங்கே நிற்கிறது என்று மூன்றாவது பதிலில் பார்த்துவிட்டோம்.

மலேசியாவில் 1980களின் தொடக்கத்தில் பிரதமர் மகாதீர் 7 கோடி மக்கள்தொகை என்ற இலக்கை முன்வைத்தார். குடும்பத் திட்ட வாரியத்தின் பெயரே 1984இல் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அந்தக் காலத்தில் மலாய்க்காரர் வீதம் இறங்குவது கொஞ்சம் தேங்கி நின்றது, சீனர், இந்தியர் வீதம் தன்பாட்டுக்கு இறங்கியது. ஒரே அறிவிப்புதான், ஆனால் “நமக்காகச் சொல்கிறார்கள்” என்று எல்லாருக்கும் ஒரே மாதிரித் தோன்றவில்லை போலும்.

டிராகன் வருஷத்துல சீனக் குழந்தை அதிகமாப் பொறக்குமாமே, நிஜமா?

நிஜமாகவே இருந்தது. சீன நாட்காட்டியில் ஆண்டுக்கொரு விலங்கு, பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை டிராகன் வரும். 1976, 1988, 2000, 2012 ஆகிய டிராகன் ஆண்டுகளில் சிங்கப்பூர்ச் சீனர் பிறப்பு குதித்தது, புலி ஆண்டுகளில் சரிந்தது. 1987இல் சுமார் 43,600 ஆக இருந்த சிங்கப்பூரின் மொத்தப் பிறப்பு 1988இல் சுமார் 53,000 ஆயிற்று (அதில் முந்தைய பதிலில் சொன்ன 1987 கொள்கைக்கும் பங்குண்டு). மலாய்க்காரர், இந்தியர் கோட்டில் அப்படிப்பட்ட மேடுகள் தெரியாது. நமக்கு ஆடி மாதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024ம் டிராகன் ஆண்டுதான், ஆனால் சிங்கப்பூர் வீதம் 0.97இலேயே அசையாமல் நின்றது. குழந்தைக்கு நல்ல ராசி பார்க்க வேண்டுமானால் முதலில் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், பிரச்சினை அங்கேதான்.

சிங்கப்பூர்ல மலாய்க்காரங்க ரெண்டு மடங்கு பெத்துக்கிட்டும் அவங்க விழுக்காடு ஏன் ஏறல?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்தேன். 1970 கணக்கெடுப்பில் சீனர் 76.2, மலாய்க்காரர் 15.0, இந்தியர் 7.0 விழுக்காடு. 2020இல் சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0. அரை நூற்றாண்டாக அதிகம் பெற்றவர்களின் பங்கு குறைந்திருக்கிறது. குறைவாகப் பெற்ற இந்தியர் பங்கு கூடியிருக்கிறது. தொட்டிலில் நடப்பதைவிட விமான நிலையத்தில் நடப்பது பெரிது. யாருக்கு நிரந்தரவாசத் தகுதி, குடியுரிமை கொடுப்பது என்று அரசு முடிவு செய்கிறது. இனக் கலவை பெரிதாக மாறாமல் பார்த்துக்கொள்வோம் என்று அரசே வெளிப்படையாகச் சொல்வதும் உண்டு.

நம்ம நாட்டுல நம்ம விழுக்காடு 11லேர்ந்து 6.7க்கு வந்தது பிள்ளை பெக்காததாலதானே?

பிள்ளைக் கணக்கு ஒரு பங்குதான். 1957இன் 11 விழுக்காடு மலாயாவுக்கு மட்டும் உரியது. 2020இன் 6.7இல் இந்தியர் மிகக் குறைவாக வாழும் சபாவும் சரவாக்கும் சேர்ந்திருக்கின்றன. வகுக்கும் எண்ணே மாறிவிட்டது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது. இரண்டாவது, 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் பிறந்த ஊருக்கே கப்பல் ஏறினார்கள். பிள்ளை பெறும் வயதுக் குடும்பங்கள் அவை. மிச்சம்தான் கருவள வீதம். அதுவும் மெதுவாக வேலை செய்யும், ஏனென்றால் எட்டுப் பிள்ளைத் தலைமுறையின் மகள்கள் ஆளுக்கு மூன்றே பெற்றாலும் மகள்களே நிறையப் பேர்.

கலப்புக் கல்யாணத்துல பொறந்த பிள்ளையை எந்தக் கணக்குல சேப்பாங்க?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கா 1989 முதல் பிறப்பு அட்டவணைகளில் தாயின் இனத்தை வைத்துப் பிரிக்கிறது, அதற்கு முன் பெற்றோர் இருவரையும் பார்த்தது. அந்த ஒரு விதி மாற்றத்தாலேயே சில இனங்களின் எண்கள் நகர்ந்தன. சிங்கப்பூரில் 2011 முதல் “இந்திய-சீனர்” என்று இரட்டை இனமாகப் பதியலாம். மலேசிய அரசமைப்பின் 160ஆம் பிரிவு மலாய்க்காரர் என்பதை மதம், மொழி, வழக்கம் கொண்டு வரையறுக்கிறது. “இந்தியர்” என்ற பெட்டிக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாரும் அடக்கம், அவர்களுக்குள் உள்ள வித்தியாசம் நம் அட்டவணையில் தெரியவே தெரியாது. பெட்டியின் விளிம்பு இப்படி நெளிகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தசமப் புள்ளியைப் படியுங்கள்.

இப்படியே போனா இன்னும் 50 வருஷத்துல ஒரே இனம்தான் இருக்குமா?

“இப்படியே போனால்” என்பதுதான் இதுவரை ஒருமுறையும் நடக்காதது. 1957இல் ஒருவர் கோடு போட்டு நீட்டியிருந்தால் இன்றைய மலேசியாவில் இந்தியர் கூட்டம் தாங்காது என்று சொல்லியிருப்பார். இஸ்ரேலிலும் இதே பயம் இருந்தது. 2000இல் அங்கே முஸ்லிம்களின் வீதம் சுமார் 4.7, யூதர்களுடையது சுமார் 2.7. இருபது ஆண்டில் இரண்டும் 3ஐ ஒட்டி ஒன்றுசேர்ந்துவிட்டன. முதலாவது இறங்கியது, இரண்டாவது ஏறியது. பத்தாண்டு, இருபதாண்டு முன்கூட்டிச் சொல்லலாம், அந்தத் தாய்மார்கள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். ஐம்பது என்றால் அது கிளி ஜோசியம்.

இப்போ 1.1ன்னா, இப்ப இருக்குற பொண்ணுங்க கடைசில ஒரு பிள்ளையோட நிறுத்திடுவாங்கன்னு அர்த்தமா?

அப்படியே அர்த்தமில்லை. முதல் கேள்வியில் வந்த கற்பனைப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 25 வயதில் பெறவேண்டியதை எல்லாரும் 31க்குத் தள்ளிப்போடும் காலத்தில் 25 வயதுக் கட்டம் காலியாகிவிடும், 31 வயதுக் கட்டம் இன்னும் நிரம்பியிருக்காது. கூட்டிப்பார்த்தால் எண் உண்மையைவிடத் தாழ்ந்து தெரியும். 45 வயதைத் தாண்டிய பெண்கள் உண்மையில் எத்தனை பெற்றார்கள் என்ற கணக்கு பெரும்பாலும் இதைவிட உயரமாகவே இருக்கும்.

தள்ளிப்போட்டவர்களில் எத்தனை பேர் பிறகு பெற்றுக்கொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் பழைய மாணவி ஒருத்தி, கிள்ளானில் கணக்காய்வாளர், முப்பத்து நான்கில் முதல் பிள்ளை பெற்றாள். இரண்டாவது எப்போது என்று அவள் மாமியார் என் எதிரிலேயே கேட்டார். “குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஆறு மணிக்கு மூடுது அத்தை, எனக்கு ஆபீஸ் விடுறதே ஆறு மணிக்குத்தான்” என்றாள். மாமியாரின் அம்மா தோட்டத்தில் ஒன்பது பெற்றவர்.